‘ரேம் கூட்டுங்கள்’ என்ற ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்குத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதி பெரும்பாலும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது: ‘ரேம் கூட்டிக்கொள்ளுங்கள்.’ ரேம் என்பது ஓடும் புரோகிராம்களும் அவற்றின் தகவல்களும் தற்காலிகமாகத் தங்கும் இடம். பல நேரம் அது சரியான யோசனைதான். ஆனால் அந்த வரியை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர், தன் கணினியின் மதர்போர்டில் (முதன்மைப் பலகையில்) ஏறாத ரேமையோ தேவையே இல்லாத ரேமையோ வாங்கி வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ரேமை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. மாட்டும் முன் பார்க்க வேண்டியவற்றில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், குறை ரேமில்தானா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். கணினியைப் போட்ட கையோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வைத்து, அது திணறுகிற நேரத்தில் பார்க்க வேண்டும். ‘அவைலபிள்’ என்ற இடத்தில் இன்னும் 2, 3 ஜிபி மிச்சம் காட்டும்போதே கணினி மந்தமாக இருந்தால், ரேம் கூட்டி ஒரு பயனும் இல்லை. அது சில நூறு எம்பிக்கு இறங்கி, அதே நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது என்று பொருள். இந்த நிலையில்தான் கூடுதல் ரேமின் பலன் கண்ணுக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு திணறல் என்றால், ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வந்து, அதே தகவல் கிடைக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் ரேம் போதாத கணினி படிப்படியாக மந்தமாவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இன்னொரு டேபைத் திறந்ததும் மவுஸ்கூட நகராமல் உறைந்துபோகிறது.

அவைலபிள் தாராளமாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100-இல் நிற்கிறது என்றால், அதுவும் பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 10, 11 ஓடுகிறது என்றால், அந்தக் கணினிக்கு முதலில் வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க். அந்தக் கணினியில் 16 ஜிபி போட்டாலும் தொடங்க எடுக்கும் நேரம் குறையாது. ‘கேச்டு’ என்று பெரிய எண் காட்டுவதைக் கண்டு பதறவும் வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் அடிக்கடி வேண்டிய கோப்புகளை விண்டோஸ் எடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேறு புரோகிராம் கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். அதை ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் ரேம் கிளீனர் மென்பொருள்கள், நல்லபடி இருப்பதை டிஸ்க்குக்குத் துரத்திவிட்டு எண்ணை மட்டும் குறைத்துக் காட்டுகின்றன. அவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சிஸ்டம் என்ற அமைப்புப் பக்கத்தில் 32 பிட் என்று இருந்தால், 8 ஜிபி போட்டாலும் வீட்டு உபயோக விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அந்த நாலிலும் கிராஃபிக்ஸ் போன்றவற்றுக்கான முகவரி போக 3 முதல் 3.5 ஜிபி வரைதான் கைக்கு வரும். ப்ராசஸர் 64 பிட் தாங்குமானால் 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். 32 பிட்டின் மேலேயே அப்டேட் செய்து மாற்ற வழியில்லை. கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, டிரைவைத் துடைத்துத்தான் போட வேண்டும்.

அடுத்தது எந்த வகை என்பது. வாங்கியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று ஆகாது. மேசைக் கணினியில் டிடிஆர்3-க்கு 240 பின் (தொடுமுனை), டிடிஆர்4-க்கும் 5-க்கும் 288 பின். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. மடிக்கணினி ரேம் நீளத்தில் பாதிதான். அதில் டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262 பின். வெட்டு பொருந்தாமல் ரேம் ஸ்லாட்டில் (ரேமை மாட்டும் பள்ளத்தில்) இறங்க மறுத்தால் அது நம்மைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது. அமுக்கி இறக்கப் பார்த்தால் ஸ்லாட்டும் போகும், ரேமும் போகும்.

ப்ராசஸரின் தலைமுறையை மட்டும் கேட்டுக்கொண்டு ரேம் வாங்குவதும் ஆபத்து. 2015-இல் வந்த இன்டெல் 6-ஆம் தலைமுறை டிடிஆர்4-ஐயும் குறைந்த வோல்ட் டிடிஆர்3-ஐயும் ஏற்கும். 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறை டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எது ஏறும் என்று முடிவு செய்வது மதர்போர்டு. ஏஎம்டியில் குழப்பம் குறைவு: ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். ஆகவே மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபி, மொத்தம் எத்தனை ஜிபி என்று பார்த்துவிடுவதே நிச்சயமான வழி.

இருக்கும் ரேமின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உதாரணத்துக்கு, ‘8 ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யு’ என்று தொடங்குகிற லேபிளை எடுத்துக்கொள்வோம். பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 என்பது வேகம். சில லேபிள்களில் வேகத்துக்குப் பதில் பிசி4-21300 என்று இருக்கும். அதை 8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ அதே 2666 வரும். 1ஆர்எக்ஸ்8 என்பது ஒரே வரிசை, ஒவ்வொரு சிப்பும் 8 பிட் என்பதைக் குறிக்கும். கடைசியில் வரும் எழுத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. யு என்றால் மேசைக் கணினிக்கானது. எஸ் என்றால் மடிக்கணினிக்கானது. ஆர் என்றால் சர்வருக்கானது. டிடிஆர்4-இல் சர்வர் ரேமுக்கும் அதே 288 பின், அதே வெட்டு. ஆகவே வீட்டுக் கணினியின் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் டிஸ்ப்ளே வராது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம் 16 ஜிபி, 32 ஜிபி என்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, மதர்போர்டு போய்விட்டதோ என்று பயப்படுகிறவர்களின் கணினியில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

டிடிஆர்3 வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லேபிளில் பிசி3எல் என்று இருந்தால் அது 1.35 வோல்ட் ரேம். பல மடிக்கணினிகள் அதை மட்டுமே ஏற்கும். வெறும் பிசி3 போட்டால் எழாது. மாறாக, 1.5 வோல்ட் கேட்கும் கணினியில் பிசி3எல் பொதுவாக ஓடிவிடும். ஆகவே சந்தேகம் இருந்தால் எல் வகையே மேல். இரண்டாவது, ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்தில் போட்டு விற்கப்படும் டிடிஆர்3 ரேம்கள். அவற்றின் சிப் அமைப்பை இன்டெல் போர்டுகள் படிக்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று கை வைக்கும் முன் அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

மடிக்கணினி என்றால் ஸ்லாட் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று இரண்டு வரிகள் உண்டு. ஃபார்ம் ஃபேக்டரில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் அந்த ரேம் போர்டோடு ஒட்டியது. எத்தனை ஸ்லாட் என்பதை மட்டும் அந்தப் பக்கம் சில மடிக்கணினிகளில் தவறாகக் காட்டும். பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. 2020 முதல் வந்த எம் வரிசைச் சிப் கொண்ட மேக்புக்குகளில் ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது. வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரை.

எத்தனை ஜிபி? விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி. ஆனால் 4 ஜிபியில் பிரவுசர் ஒன்றைத் திறந்தாலே இடம் தீர்ந்துவிடும். 4-லிருந்து 8-க்குப் போகும்போது தெரிகிற மாற்றம் வேறு எந்தப் படியிலும் தெரியாது. 20, 30 டேப் திறந்து வைப்பவர்களுக்கும், புகைப்படம் திருத்துபவர்களுக்கும் 16. வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) என்று போகிறவர்களுக்கு 32. மற்றவர்கள் 32 வாங்குவதால் கணினி ஒரு துளிகூட வேகமாகாது.

எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை ஸ்டிக் (ரேம் பட்டை) என்பதும் சேர்ந்தது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போடுவதைவிட 8-உம் 8-உமாக இரண்டு போட்டால் டூயல் சேனலில் ஓடும். தகவல் போகும் பாதை இரட்டிப்பாகும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் அங்கே திரைக்கும் ரேம்தான் உழைக்கிறது. நாலு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2-ஆவதிலும் 4-ஆவதிலும் போட வேண்டும். பக்கத்து பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும். பழைய 4 ஜிபியோடு புதிய 8 ஜிபியைச் சேர்க்கலாமா என்றால், பல போர்டுகளில் சேர்க்கலாம். நாலும் நாலும் டூயல் சேனலிலும் மிச்சம் நாலு ஒற்றைச் சேனலிலும் ஓடும். வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததற்கு இறங்கிவிடும்: 2400-உம் 3200-உம் சேர்ந்தால் இரண்டும் 2400. டிடிஆர்5-இல் நாலு ஸ்லாட்டையும் நிரப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்களுக்கு ஏஎம்டியே தரும் வேகக் கணக்கு, இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600.

இனி மாட்டும் முறை. முதலில் ஷட் டவுன். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் சாதாரண ஷட் டவுன் பாதித் தூக்கம்தான். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். கழற்றிய பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியில் தேங்கிய மின்சாரம் வடியும். மதர்போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை உள்ளே கை வைக்கக் கூடாது. மடிக்கணினியில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் அதன் இணைப்பியைக் கழற்றிய பிறகே ரேமைத் தொட வேண்டும். பிறகு வண்ணம் பூசாத இரும்புப் பகுதி ஒன்றைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுங்கள். பொன்னிறப் பற்களில் விரல் படக் கூடாது.

மேசைக் கணினியில் ஸ்லாட்டின் கொக்கியை வெளிப்புறம் தள்ளித் திறந்து வையுங்கள். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கொக்கி இருக்கும். வெட்டையும் ஸ்லாட்டின் நடுவில் உள்ள மேட்டையும் நேர்ப்படுத்தி, ரேமைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு முனைகளிலும் கட்டைவிரல் வைத்து அழுத்த வேண்டும். டிடிஆர்4, 5-இல் அடிவிளிம்பு நேர்க்கோடு அல்ல, நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். அதனால் இறங்கும்போது கரடுமுரடாகத் தோன்றும். அழுத்தும்போது போர்டு சற்று வளையும். பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். கொக்கி தானாக மூடி ‘கிளிக்’ என்று சத்தம் வரும் வரை அழுத்தத்தை விடக் கூடாது. முடிந்ததும் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். ஸ்லாட்டின் விளிம்புக்கு மேலே பொன்னிறம் கோடுபோலத் தெரிந்தால், அதுவும் ஒரு முனையில் அதிகமாகவும் மறு முனையில் குறைவாகவும் தெரிந்தால், ரேம் உட்காரவில்லை. ஒற்றைக் கொக்கி ஸ்லாட்டில் கொக்கி மூடியிருக்கும், கொக்கி இல்லாத முனை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். ‘புது ரேம் பழுது’ என்று திரும்பக் கடைக்குப் போவதில் ஒரு பகுதி இந்தத் தூக்கிய முனையால் வருவது.

மடிக்கணினியில் ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பற்கள் மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே படுக்க வைத்தால் இரு பக்கமும் உள்ள உலோகக் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். முழுதும் தள்ளாமல் படுக்க வைத்தாலும் கொக்கி பிடித்துவிடும் என்பதுதான் அங்கே உள்ள கண்ணி.

பவர் போட்டதும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே பதற வேண்டாம். டிடிஆர்5 முதல் தடவை தன் வேகத்தைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஓரிரு முறை தானாக அணைந்து எழும் போர்டுகளும் உண்டு. அந்த நேரத்தில் பவரை நிறுத்தினால் வேலை மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடத்துக்கு மேலும் டிஸ்ப்ளே வராவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்டிக்கை மட்டும் அதே பழைய ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். எழுந்தால், போர்டு நலம். அடுத்து அதே ஸ்லாட்டில் புதியது மட்டும். அதுவும் எழுந்தால் சந்தேகம் இரண்டாவது ஸ்லாட்டின் மேலோ, இரண்டு ரேமும் ஒத்துப்போகாததன் மேலோ போகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எழுந்தது என்றே தெரியாமல் போகும். பீப் சத்தத்தின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அதற்குக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். புதிய போர்டுகள் பலவற்றில், சிக்கல் ரேமில் என்றால் டிராம் என்று எழுதிய சிறு விளக்கு எரியும்.

ஒரு ஸ்லாட் மட்டும் எந்த ரேமையும் ஏற்கவில்லை என்றால் ஸ்லாட்டையே குறை சொல்லிவிடக் கூடாது. ரேமோடு பேசும் மெமரி கண்ட்ரோலர் இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ப்ராசஸரின் அடியில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலர் ஒருபக்கமாக இறுகியிருந்தாலும் ஒரு சேனல் முழுவதும் செத்துப்போகும். பழைய ரேமின் பற்களில் அழுக்கேறியிருந்தால் ரப்பரால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்தப் பொன் முலாம் மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு பிரியாத துணியில் நனைத்து ஒரே திசையில் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டுவதே முறை.

எழுந்துவிட்டதா? மொத்தம் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்று சில நூறு எம்பி முதல் 2 ஜிபி வரை கழிந்திருந்தால் அது உள்கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது. பாதி ரேமே கழிந்திருந்தால் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் பகுதியின் மேம்பட்ட அமைப்பைத் திறந்து, ‘மேக்ஸிமம் மெமரி’ பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் வாங்கியதைவிடக் குறைவாகக் காட்டினால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புப் பக்கத்தில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அணைந்திருக்கும். அதைப் போட்ட பிறகு கணினி எழ மறுத்தால், சிமாஸ் அமைப்பை, அதாவது போர்டு சேமித்து வைத்திருக்கும் பயோஸ் அமைப்பை, அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். போர்டின் நாணய பேட்டரியைப் பிளக் கழற்றிய நிலையில் சில நிமிடம் எடுத்து வைப்பதும் அதே வேலையைச் செய்யும். பயோஸில் கை வைக்கும் முன் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் ரேம் அல்ல, கோப்புகளே போய்விடும்.

கடைசியாகச் சொன்னாலும் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது சோதனையைத்தான். பழுதான ரேம் எப்போதும் கணினியை முடக்கிக் காட்டாது. ஒரு பிட் மாறிப்போன நிலையில் புகைப்படத்தைச் சேமித்துவிடும். அந்தப் படத்தின் பாதிக்குக் கீழே நிறம் மாறிப் பட்டை விழுந்திருப்பது ஆறு மாதம் கழித்துத் தெரியும். ஜிப் கோப்பு பிரிக்கும்போது பிழை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணோடு வரும் நீலத் திரை, இவையும் அதன் அடையாளங்கள். ஆகவே புதிய ரேம் போட்ட அன்றே ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ ஓட்டி, அது தொடங்கியதும் எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடலாம். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் வந்தால் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் பில்லையும் உறையையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிப் பகுதிக்குக் கேள்வி அனுப்பும் வாசகர்களிடம், கணினி திணறும் நேரத்தில் எடுத்த டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கப் படம், டிஸ்க் பக்கப் படம், மதர்போர்டு அல்லது மடிக்கணினியின் மாடல் எண், இருக்கும் ரேமின் லேபிள் படம் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு ‘எஸ்எஸ்டி வாங்குங்கள்’, ‘பிசி3எல் 4 ஜிபி ஒன்று போதும்’, ‘இதில் கூட்ட வழியில்லை’ என்று திட்டவட்டமாகப் பதில் எழுத முடியும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பவர் ஒருவர்